போன பல்லும் புதுப் பல்லும்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் அரசர்களும் அவர்தம் படைகளும் கோட்டை கொத்தளங்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. ஆயினும், மனிதனுடைய வாய்க்குள்ளும் ஒரு சரித்திரம் உண்டு. அதிலே செல்வரும் வறியரும் உண்டு, போர்க்களம் உண்டு, வழக்கு மன்றம் உண்டு, ஒரு கொலையும் உண்டு. நம் முன்னோர் வைகறை இருளிலே சீவிய பால்மரமும் அதிலே ஓர் இடம் பெற்றிருக்கின்றது. பல் இழந்த மனிதன் மீண்டும் பல் பெறுவதற்காகச் செய்த முயற்சிகளின் சரித்திரமே அது.

பல் போனால் சொல் போச்சு என்று நம்மவர் கூறுவர். சொல் மட்டுமா போகின்றது? தோட்டங்களிலே அறுபது வயதைக் கடந்த ஆண் பெண்களைச் சற்றே கவனியுங்கள். கலியாண வீட்டுப் பந்தியிலே அமர்ந்து குழம்புச் சோற்றை மட்டும் பிசைந்து விழுங்கிவிட்டு, காயையும் கறியையும் இலையிலேயே ஒதுக்கி எழுகின்றனர். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கின்றனர். காரணம் கேட்டால், "போன பல் போனதுதானே, இருபது வருஷத்துக்கு முன்னே போனது இனி வரவா போகிறது?" என்கின்றனர். அவ்வாறு கூறுவோர் அதை விதியாகவே எண்ணிவிட்டனர்.

இருபது ஆண்டுகளுக்கு முன் போன பல்லின் இடத்திலே மீண்டும் உறுதியான பல்லை நாட்ட முடியுமா? பலருக்கு முடியும் என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் விடை. அந்த விடை எவ்வாறு கிடைத்தது, அதற்கு யார் யார் விலை கொடுத்தனர், அதன் பயன் யார் யாருக்கு எட்டியது என்பவற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

பண்டைக் காலத்து முயற்சிகள்

இத்தாலி நாட்டிலே ரோமர் ஆதிக்கம் பெறுவதற்கு முன்னர் எட்ருஸ்கர் என்றொரு ஜாதியார் வாழ்ந்தனர். சற்றேறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் மெல்லிய பொற்றகட்டை வளையமாக்கி, அதிலே மாற்றுப்பல்லைப் பொருத்தி, பக்கத்தில் நிற்கும் உயிருள்ள பற்களோடு சேர்த்துக் கட்டினர். அவர்களுடைய கல்லறைகளைத் தோண்டியபோது இவ்வகைப் பற்கட்டுகள் பல கிடைத்தன. பொன் வாங்க வல்ல செல்வக் குடும்பத்தாருக்கே அவை உரியனவாயிருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எட்ருஸ்கர் பல்லைப் பல்லோடு கட்டினர். பல்லை எலும்பிலேயே நட்டவர்கள் மத்திய அமெரிக்காவிலே வாழ்ந்த மாயர் ஆவர். 1931-ஆம் ஆண்டில் ஹொண்டுராஸ் நாட்டிலே கண்டெடுக்கப்பட்ட ஒரு கீழ்த்தாடைத் துண்டிலே, முன்பற்களின் குழிகளில் சிப்பியைப் பல்லின் வடிவாகச் செதுக்கிய மூன்று துண்டுகள் பதிந்திருந்தன. அதன் காலம் ஏறக்குறையக் கி.பி. 600 என்பர். இறந்தவரை அலங்கரிப்பதற்காகச் செருகியவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். 1970-ஆம் ஆண்டில் அமதேயோ போபியோ என்ற பிரேசில் நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியர் அதனை எக்ஸ்ரே படம் எடுத்து நோக்கியபோது, அச்சிப்பிகளைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருக்கக் கண்டார். செத்த எலும்பு வளராது. எனவே, உயிரோடிருந்த மனிதனின் வாயிலேயே அவை நடப்பட்டு நிலைத்திருந்தன என்பது வெளியாயிற்று.

ஏழையின் பல் செல்வன் வாயில்

நிற்க, பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிற்கு வருவோம். சர்க்கரை மலிந்தது, செல்வரின் பற்கள் சொத்தையாயின. லண்டன் நகரத்திலே பெரும் புகழ் பெற்ற ஜான் ஹண்டர் என்ற சத்திர வைத்தியர், அப்போதே பிடுங்கிய மனிதப் பல்லை ஒரு சேவலின் கொண்டையிலே நட்டு, அது அங்கே ஒட்டிக்கொண்டதைக் காட்டினார். மனிதப் பற்களைப் பற்றி 1771-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னர், ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லை உடனே மற்றொருவர் வாயில் நடும் வழக்கம் பெருகிற்று. பிடுங்கப்பட்டவர் யார்? காசுக்காக வாயைத் திறந்த ஏழைகளும் ஏழைக் குழந்தைகளுமே. தாமஸ் ரோலண்ட்ஸன் என்ற சித்திரக்காரர் 1787-ஆம் ஆண்டில் இக்கொடுமையை ஏளனம் செய்து ஒரு படம் வரைந்தார். அதிலே, பல்லை விற்ற சிறுவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவண்டை செல்ல, சீமாட்டி நாற்காலியிலே வீற்றிருக்கின்றாள்.

அவ்வாறு நட்ட பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் வேர் கரைந்து விழுந்தன. ஆனால் பல்லோடு பறங்கிப்புண் முதலிய நோய்கள் மட்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தவறாமல் சென்றன. ஆகவே அவ்வழக்கம் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அருகிப்போயிற்று.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று பள்ளிக்கூடத்திலே நாம் கேட்டிருக்கின்றோம். அது கட்டுக்கதை. 1789-ஆம் ஆண்டு அவர் பதவி ஏற்றபோது அவர் வாயிலே சொந்தப் பல் ஒன்றே எஞ்சியிருந்தது. ஏனையவை நீர்யானைத் தந்தம், உலோகம், மனிதப் பல் ஆகியவற்றால் ஆனவை. 1784-ஆம் ஆண்டு மே மாதத்திலே அவருடைய பண்ணைக் கணக்கேட்டில் ஒரு பதிவு உள்ளது. பிரெஞ்சுப் பல் வைத்தியர் ஒருவரின் பொருட்டு, நீக்ரோக்களிடமிருந்து வாங்கிய 9 பற்களுக்கு 6 பவுன் 2 ஷில்லிங் கொடுத்ததாக அது கூறுகின்றது. பல் ஒன்றுக்கு 14 ஷில்லிங்கும் ஆகவில்லை. அதே வைத்தியர் அக்காலத்துப் பத்திரிகைகளிலே, முன்பல் விற்போருக்கு ஒன்றுக்கு 42 ஷில்லிங் தருவதாக விளம்பரம் செய்திருந்தார். சுதந்திரமுள்ள மனிதனின் பல்லுக்கு ஒரு விலை. அடிமையின் பல்லுக்கு அதிலே மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! தோட்டத்துச் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு, ஒரு கணக்கேட்டின் ஒற்றை வரி எவ்வளவு பேசும் என்பது தெரியும். இந்த வரி பேசுவதைப்போல் நீண்ட பிரசங்கங்கள்கூடப் பேசமாட்டா.

1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் நாள் வாட்டர்லூ போர் முடிந்தது. அன்றிரவும் அடுத்த நாளும், இறந்து கிடந்த இளம் போர்வீரர்களின் வாயிலிருந்து பற்களைப் பிடுங்கி விற்றோர் பலர். அவை லண்டன் முதலிய நகரங்களுக்குச் சென்று, தந்தத் தகட்டிலே பதிக்கப்பட்டுச் சீமான்களின் வாயை அலங்கரித்தன. போர்க்களத்துப் பற்களுக்கு 'வாட்டர்லூ பற்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெப்போலியனை வென்றது யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் பதில் சொல்வான்; அப்போரிலே மாண்ட சிப்பாயின் பல் யார் வாயில் மென்றது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

பால்மரமும் பல் செட்டும்

இந்த நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று பீங்கான், மற்றொன்று ரப்பர்.

பிரான்சு தேசத்திலே 1774-ஆம் ஆண்டு வாக்கில் துஷாத்தோ என்ற மருந்துக்கடைக்காரர், தமது தந்தப் பல் நாற்றமெடுப்பதைச் சகியாமல் பீங்கானிலே பல் செய்யச் செய்தார். பின்வந்தோர் அதனைச் சீர்திருத்தினர். பீங்கான் பல் அழுகாது. பிணத்திலிருந்து பிடுங்க வேண்டுவதுமில்லை. எனினும் அதனைத் தாங்கும் அடித்தளம் பொன்னாகவோ தந்தமாகவோ இருந்தமையால் சாமானியர் அதனை நெருங்க முடியவில்லை.

1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் அது உறுதிபெறும் என்று கண்டார். கந்தகத்தை மிகுதியாக்கி வேகவைத்தால் மரம்போல் கடினமான 'வல்கனைட்' கிடைத்தது. வேகுமுன் மெழுகுபோல் மென்மையாக இருப்பதால் வாயின் அச்சுக்கு ஏற்பப் படிந்தது. விலையோ பொன்னின் அருகே வராதது. அதே காலத்தில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் 'சிரிப்பு வாயு'வைச் சுவாசித்துவிட்டுத் தமது பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்தார். 1846-ஆம் ஆண்டில் ஈதர் மயக்கமும் வந்தது. வலியின்றிப் பிடுங்கலாம், மலிவாகக் கட்டலாம் என்ற இரண்டும் கூடியவுடன், சாமானியர் வாயிலும் பல் செட்டு ஏறிற்று.

மலிவு வந்த இடத்திலே ஏகபோகமும் வந்தது. ரப்பரிலே பல் செட்டுச் செய்யும் உரிமை தனக்கே உரியதென்று 1864-ஆம் ஆண்டின் பேட்டண்டு ஒன்றைக் காட்டி, குட்இயர் பல் வல்கனைட் கம்பெனி அமெரிக்கப் பல் வைத்தியர் ஒவ்வொருவரிடமும் கட்டணம் கேட்டது; கொடாதவர் மீது வழக்குத் தொடுத்தது. அக்கம்பெனியின் பொக்கிஷதார் ஜோஸையா பேக்கன் என்பவர் ஊர் ஊராகச் சென்று வைத்தியர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1879-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, சான்பிரான்சிஸ்கோ நகரத்துத் தங்கும் விடுதியிலே, அவ்வாறு இழுக்கப்பட்ட சாமுவேல் சால்பண்ட் என்ற வைத்தியரின் துப்பாக்கிக்கு அவர் இரையானார். 1881-ஆம் ஆண்டில் பேட்டண்டு காலாவதியானதும் வல்கனைட் எல்லோருக்கும் பொதுவாயிற்று.

தொடக்கத்திலே அந்த ரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்தே வந்தது. 1877-ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரிலே நடப்பட்டன. பின்னர் மலாயாக் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்ததும், நம்மவர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேறி வந்ததும் யாவரும் அறிந்ததே. 1914-ஆம் ஆண்டு வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை உலகச் சந்தையிலே விஞ்சிவிட்டது. 1930-களின் இறுதியில் அக்ரிலிக் என்ற செயற்கைப் பொருள் வந்து வல்கனைட்டை விரட்டும்வரை, உலகிலே பல் இழந்தோர் பலருடைய வாய்க்கு ரப்பரே துணை நின்றது. பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு மரம் சீவிய நம் பாட்டன் பாட்டிமார், யாரோ முகமறியாத மனிதர் சோறு மெல்லுவதற்கும் உதவியிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் வாயிலே அந்தப் பல் செட்டு ஏறிற்று என்பதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மற்றொரு பாலும் இந்நாட்டுக்கு உரியது. மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என வழங்கும் மரப்பாலை, சிங்கப்பூரிலிருந்த வில்லியம் மாண்ட்கோமரி என்ற வைத்தியர் 1843-ஆம் ஆண்டில் மேனாட்டாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையான அதே பொருள், 1860-களிலிருந்து பல்லின் வேர்க்குழியை அடைக்கவும் பயன்பட்டு வருகின்றது. இன்றும் வேர் வைத்தியம் செய்துகொண்டு தம் பல்லைக் காப்பாற்றிக்கொண்டவர் அநேகருடைய பல்லுக்குள் இருப்பது அதுவே.

தேயும் தாடை

பல் செட்டு பெரும் உபகாரமே. ஆயினும் அதனால் தீராத ஒரு குறை உண்டு. பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. மெல்லும்போது பல்லின் வேர் வழியே எலும்புக்கு இறங்கும் அழுத்தமே அதனை உயிர்ப்போடு வைத்திருக்கின்றது. பல் போய்விட்டால் அவ்வெலும்புக்கு வேலையில்லை. வேலையற்ற எலும்பு சிறிது சிறிதாகக் கரைகின்றது. பிடுங்கிய முதல் ஆண்டிலே கரைவு அதிகம். பின்னர் வேகம் குறையினும் நிற்பதில்லை. 25 ஆண்டுக் காலம் பல் செட்டு அணிந்தோரைத் தொடர்ந்து அளந்து, ஆன்ட்ஜே டால்கிரன் என்ற அம்மையார் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை ஐயமற விளக்கிற்று. மேல்தாடையைக் காட்டிலும் கீழ்த்தாடையிலே ஏறக்குறைய நான்கு மடங்கு எலும்பு தேய்வதாக அவர் கண்டார்.

கிழவர் கிழவிகளின் முகம் ஏன் சுருங்கி, மோவாய் ஏன் மூக்கை நோக்கி ஏறுகின்றது என்பதற்கும், முன்னே கச்சிதமாக இருந்த கீழ்ப் பல் செட்டு ஏன் நாளடைவில் வாயிலே மிதக்கின்றது என்பதற்கும் காரணம் இதுவே. மூப்பின்மேல் நாம் சுமத்தும் பழியிலே ஒரு பகுதி பல்லின்மையைச் சேர வேண்டியது. ஒரே ஒரு பல் போனவருக்கும் இது பொருந்தும். இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்கின்றது; எதிர்ப்பல் நீண்டு இறங்குகின்றது; மேற்கடைவாயிலே மூக்கருகேயுள்ள காற்றறை கீழ்நோக்கிப் பரவி எலும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது.

லுண்ட் நகரத்து முயல்கள்

எலும்பிலே உலோகத்தை நட்டுப் பல் கட்டலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுந்தது. 1809-ஆம் ஆண்டில் மாஜியோலோ என்ற பிரெஞ்சுக்காரர் பொன்னால் வேர் செய்து பார்த்தார். 1913-ஆம் ஆண்டில் கிரீன்பீல்ட் என்ற அமெரிக்கர் பிளாட்டினம் கலந்த கம்பியால் கூடைபோல் ஒரு வேர் செய்தார். 1930-களின் இறுதியில் பாஸ்டன் நகரத்திலே ஸ்டிராக் சகோதரர்கள் வேறொரு கலப்பு உலோகத் திருகாணியை நட்டனர். சிலருக்கு ஓரளவு பயன் கிட்டிற்று. பலருக்கு உலோகத்தைச் சுற்றித் தசைநார் வளர்ந்து, ஆடி, சீழ்பிடித்து விழுந்தது. ஆகவே தாடையிலே உலோகம் நடுவதை நல்ல வைத்தியர்கள் ஐயத்தோடு நோக்கினர்.

வழி திறந்தவர் பல் வைத்தியரே அல்லர். 1929-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்திலே பிறந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்பிலே இரத்தம் ஓடும் வகையை ஆராய்ந்தவர். 1952-ஆம் ஆண்டில் லுண்ட் பல்கலைக்கழகத்திலே, முயலின் கால் எலும்பிலே டைட்டேனியம் என்ற உலோகத்தாலான சிறு கூண்டைப் பதித்து, அதன் வழியே உயிருள்ள எலும்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி வந்தார். ஆராய்ச்சி முடிந்ததும், விலை உயர்ந்த அக்கூண்டை எடுத்து மறுபடியும் பயன்படுத்த எண்ணி இழுத்தார். அது வரவில்லை. எலும்பு டைட்டேனியத்தை அந்நியப் பொருளென்று ஒதுக்காமல், இடையிலே தசைநாரின்றி நேராகப் பற்றிக்கொண்டிருந்தது. வேறொருவராயின் கூண்டு போயிற்றே என்று சலித்திருப்பர். அவரோ, இவ்வளவு உறுதியாகப் பற்றுமாயின் மனிதனுக்கு இதனால் என்ன பயன் என்று சிந்தித்தார். ரப்பர்க் கன்றிலே ஒட்டுக்கட்டிய மொட்டு உயிர்பிடித்துவிட்டால் பின்னர் மரத்தை வெட்டினாலன்றி அதனைப் பிரிக்க முடியாது என்பதைக் கண்ட நம்மவருக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் எளிது.

நாய்களிடம் பல்லாண்டு சோதித்த பின், 1965-ஆம் ஆண்டில் கோட்டன்பர்க் நகரத்திலே கோஸ்டா லார்ஸன் என்பவர் முதல் நோயாளியானார். அவருக்கு வயது 34. பிறவியிலேயே தாடை குறையுடையவர்; கீழ்த்தாடையிலே பல் இல்லை; உணவு உண்பதும் பேசுவதும் அவருக்குத் துன்பமாயிருந்தன. அவர் தாடையிலே நான்கு டைட்டேனியத் திருகாணிகள் நடப்பட்டன. எலும்பு பற்றுவதற்கென்று பல மாதங்கள் பொறுத்திருந்து, பின்னரே அவற்றின்மேல் பல் கட்டினர். 2006-ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேலாக, அப்பற்கள் அவருக்கு உழைத்தன.

நல்ல செய்தியை உலகம் உடனே நம்பிவிடுவதில்லை. பல் வைத்தியரல்லாத ஒருவர் பல் வைத்தியத்தில் தலையிடுவதா என்று சுவீடனிலேயே எதிர்ப்புப் பலமாக எழுந்தது. பிரோனெமார்க் வாதத்தைக் காட்டிலும் கணக்கையே நம்பினார். தாம் நட்ட ஒவ்வொரு திருகாணியையும் குறித்து வைத்தார், விழுந்தவற்றையும் மறைக்கவில்லை. 1981-ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர், 371 நோயாளிகளுக்கு நட்ட 2,768 திருகாணிகளின் 15 ஆண்டுக் கணக்கை வெளியிட்டனர். 5 முதல் 9 ஆண்டுகள் கவனிக்கப்பட்டவர்களிலே, மேல்தாடையில் நூற்றுக்கு 81-உம் கீழ்த்தாடையில் நூற்றுக்கு 91-உம் நிலைத்திருந்தன. 1982-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரத்திலே கூடிய மகாநாடு இக்கணக்கை ஆராய்ந்த பின்னரே மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்தன. முயலின் எலும்பிலே கண்டதற்கும் உலகம் ஒப்புக்கொண்டதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்! வாய்ச்சொல்லை நம்பாமல் அத்தாட்சி கேட்ட எதிரிகளும், அத்தாட்சியைப் பொறுமையோடு சேர்த்த அப்பெரியாரும், இரு சாராருமே அறிவின் வளர்ச்சிக்குத் துணை புரிந்தனர் என்பது நமது கருத்து.

நெடுங்காலம் கழித்து

இனி, நாம் தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு வருவோம். பல் போய் இருபது முப்பது ஆண்டுகளானவருக்கு இம்பிளாண்ட் நடலாமா? கடந்துபோன ஆண்டுகள் தாமே தடையாவதில்லை; அவ்வாண்டுகளிலே எலும்பு எவ்வளவு கரைந்தது என்பதே கேள்வி. திருகாணியின் நீளம் பெரும்பாலும் 8 முதல் 13 மில்லிமீட்டர். அதற்கேற்ற உயரமும் அகலமும் எலும்பில் இருத்தல் வேண்டும். கீழ்க்கடைவாயிலே உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று எலும்பினூடே ஓடுகின்றது. அதனைத் தீண்டினால் உதடு மரத்துப்போகும். ஆதலின், தாடையை ஸ்கேன் படமெடுத்து அளந்த பின்னரே வைத்தியர் கருவியை எடுத்தல் வேண்டும்.

எலும்பு குறைந்திருந்தால் வழிகள் பல உள. மோவாயிலிருந்தோ இடுப்பிலிருந்தோ சிறிது எலும்பை எடுத்து வைத்துக் கட்டுவர். அல்லது பதப்படுத்திய மாட்டெலும்புத் துகளையோ செயற்கைத் துகளையோ நிரப்புவர். எதனை வைக்கின்றனர் என்று முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமையுண்டு. மேற்கடைவாயிலே காற்றறையின் அடியை மெல்ல உயர்த்தி அங்கே எலும்பு வளரச் செய்யும் முறை 1970-களிலே அமெரிக்காவில் தோன்றிற்று. மேல்தாடை முற்றும் தேய்ந்தவருக்குக் கன்னத்து எலும்புவரை செல்லும் நீண்ட திருகாணியைப் பிரோனெமார்க்கே வகுத்தார். போர்த்துகல் நாட்டுப் பாவுலோ மாலோ, முன்பக்கத்து எலும்பிலேயே நான்கு திருகாணிகளை நட்டு, பின்னிரண்டைச் சாய்த்து, முழு வரிசைப் பல்லையும் அவற்றின்மேல் நிறுத்தும் முறையை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஏழை எளியவருக்கு மிகவும் ஏற்றது வேறொன்று. 2002-ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலே கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையிலே பல் முற்றும் இல்லாதவருக்கு, முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்பிளாண்ட் நட்டு அவற்றின்மேல் பொத்தான்போல் மாட்டிக் கழற்றக்கூடிய பல் செட்டுக் கொடுப்பதையே முதல் சிகிச்சையாகக் கொள்ளவேண்டும் என்று முடிவு கூறினர். முன்மோவாயிலே எலும்பு ஏனைய இடங்களைவிட நெடுங்காலம் எஞ்சி நிற்பது இதற்கு அனுகூலம். மிதக்கும் பல் செட்டோடு போராடும் முதியவருக்கு இந்த இரண்டு திருகாணிகள் செய்யும் உதவி பெரிது.

எல்லோருக்கும் எப்போதும் பலிக்கும் மந்திரமாக இதனைக் கொள்ளலாகாது. கருவி சுழலும்போது எலும்பு ஒரு நிமிஷ நேரம் 47 டிகிரி சூட்டை எட்டினாலே கெடும் என்று 1983-ஆம் ஆண்டில் கண்டனர். ஆதலின் உப்பு நீரால் குளிரச் செய்து மெல்லத் துளைக்கவேண்டும். சிகரெட்டுப் பிடிப்போருக்கும், நீரிழிவைக் கட்டுக்குள் வையாதவருக்கும், ஈறுநோய் உள்ளவருக்கும் தோல்வி அதிகம். நட்ட பின்னரும் நாள்தோறும் துலக்காவிட்டால் சுற்றியுள்ள எலும்பு கெடும். பட்டதாரி அல்லாத போலிகள் வீட்டுக் கூடத்திலும் அழகு நிலையத்திலும் மலிவாகப் பல் கட்டுவதாக விளம்பரம் செய்தால் அங்கே தலைகாட்டுதல் கூடாது. பதிவு பெற்ற வைத்தியரா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

மணலும் மனிதரும்

டைட்டேனியம் எங்கிருந்து வருகின்றது? 1791-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலே, ஓடைக் கரையின் கறுப்பு மணலில் வில்லியம் கிரகர் என்ற பாதிரியார் அதனைக் கண்டார். அத்தகைய இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் உண்டு. இந்நாட்டு ஈயச் சுரங்கங்களிலே ஈயம் பிரித்தபின் எஞ்சும் அமாங் மணலிலும் உண்டு. நம் காலடி மணலிலே கிடக்கும் பொருள் நம் முதியவர் வாய்க்கு மட்டும் எட்டாதிருப்பது ஏன்?

விலையே காரணம். தனியார் வைத்தியசாலையிலே ஓர் இம்பிளாண்டுக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகின்றது. தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளம் அதற்கு ஈடாகாது. சிங்கப்பூரிலே மெடிசேவ் சேமிப்பை இதன் அறுவைச் செலவுக்கு எடுத்துக்கொள்ள இடமுண்டு. மலேசியாவிலே அரசாங்கப் பல் சிகிச்சை நிலையங்கள் சிறு கட்டணத்துக்குப் பல் பிடுங்கிப் பல் செட்டும் செய்து தருகின்றன. அதனையேனும் நம்மவர் முழுமையாகப் பயன்படுத்துகின்றனரா? வலி பொறுக்க முடியாதபோது மட்டும் சென்று பிடுங்கிக்கொண்டு திரும்புவதே நம்மிடையே பெரும்பான்மை வழக்கம். பிடுங்கிய அன்றே அந்த இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்போர் சிலரே. தாடை தேயத் தொடங்குவது அன்றுதான் என்பதை மேலே கண்டோம்.

ஆகவே, நாம் கூற விரும்புவன மூன்று. முதலாவது, இருக்கும் பல்லைக் காத்தல். அதனினும் மலிவான இம்பிளாண்ட் உலகில் இல்லை. வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கும் பழக்கத்தைக் கைவிடுவதும், ஆண்டுக்கொரு முறை பல்லைக் காட்டுவதும் எவருக்கும் இயல்வனவே. 1968-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தோரில் நூற்றுக்கு 37 பேர் ஒரு பல்லும் இல்லாதிருந்தனர். 2009-ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 6 ஆகக் குறைந்தது. பல்லின்மை விதியாயின் நாற்பது ஆண்டில் இவ்வாறு குறைந்திருக்குமா? இரண்டாவது, பல் போனவர் நாளைக் கடத்தாமல் தகுந்த வைத்தியரிடம் ஆலோசனை கேட்டல். நெடுங்காலம் ஆயிற்றென்று மனந்தளராதிருத்தல். மூன்றாவது, பல் முற்றும் இழந்த முதியவருக்கு இரண்டு இம்பிளாண்டும் ஒரு பல் செட்டும் பொது வைத்தியசாலையிலேயே எட்டும் விலையில் கிடைக்கவேண்டுமென்று தொழிற்சங்கங்களும் சமூக ஸ்தாபனங்களும் கேட்டல்.

ஒரு காலத்திலே ஏழையின் பல்லைப் பிடுங்கிச் செல்வன் வாயில் நட்டனர். பின்னர் ஏழையின் உழைப்பால் வந்த ரப்பர் உலகத்தார் வாய்க்குத் தாங்கலாயிற்று. இப்போது எவர் வாயையும் கொள்ளையிடாமலே பல் நடும் வித்தை கைகூடியிருக்கின்றது. தாய் தகப்பன்மாருக்குத் திதியன்று பலவகைக் கறிகாய் படைக்கின்றோம். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவற்றை மென்று சுவைக்க வழி செய்வோமாயின், அது அதனினும் மேலான கடனாகும்.